டோவுக்கு இறங்காத மாப்பிள்ளை

கண்ணாடிக்கு மேலாக ஒரே ஒரு பார்வை பார்த்து என்னை வியர்க்க வைத்த என் அன்பு அத்தைக்கு,

உங்க பாட்டை இருநூறு பேர் பாடப்போறாங்க! முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. சேரப்பணஞ்சேரிப் பக்கம் நம்ம தகரக்கொட்டகை சபையில் பதினொரு பேர் பாடின அதே பாட்டுதான், "உறங்காத ஊரின் உறங்காத தேவனே". ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வரைக்கும் இருக்கிற சபைகள் எல்லாம் சேர்ந்து பாடகர் விழா நடத்துகிறார்கள். எல்லாக் கொயரும் ஒன்றாக எழுந்து நின்று பாடும் கடைசிப் பாட்டு உங்களுடையது. வருகிற ஞாயிறு சாயங்காலம். நாலு நாள்தான் இருக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை, உங்க மகள் மெர்சி நம்பமாட்டேன் என்கிறாள்.

விழா மலரில் உங்களைப் பற்றி எழுத ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். யார் எழுதுவது என்று வந்தபோது நான் முந்திக்கொண்டு கையைத் தூக்கிவிட்டேன். பத்தாம் வகுப்பையே ரெண்டு தடவையில் தாண்டின ஆள், பக்கம் எழுத வந்துவிட்டேன். எனக்குக் கட்டுரை வராது. அதனால் கடிதமாக எழுதுகிறேன். நம்ம அபி டைப் பண்ணித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள், "எதையும் திருத்தமாட்டேன்பா, ஆனா சிரிப்பேன்" என்ற நிபந்தனையோடு.

மலரைப் படிக்கிறவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரிய வேண்டும். உங்க கதையை உங்களுக்கே சொல்வது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். தெற்கே தேரிக்காட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர்க் கோயிலில், காலால் மிதிக்கிற ஆர்கனை உட்கார்ந்தால் கால் எட்டாது என்று நின்றுகொண்டே வாசித்த பதினோரு வயதுப் பிள்ளை நீங்கள். பிறகு பியானோ, பரீட்சைகள், பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர் வேலை. அந்த ஊர்ப் பெரிய கல் கோயிலில் முதலில் வாசிக்கிறவர், அப்புறம் அறுபது பேர் கொண்ட கொயருக்கே தலைவர். "பொம்பளை கையைக் காட்டி ஆம்பளைங்க பாடுறதா?" என்று கமிட்டியில் ஒருவர் கேட்டாராம். "அப்ப நீங்க கண்ண மூடிக்கிட்டுப் பாடுங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றீர்களாம். இதை நீங்கள் சொல்லவில்லை. மெர்சி சொல்லித்தான் தெரியும்.

எல்லாம் முடிந்து, ஓய்வு பெற்று, மாமாவும் போன பிறகு "ஆறு மாசம் இருந்துட்டுப் போறேன் மாப்ளே" என்று எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தீர்கள். ஒன்பது வருஷம் இருந்தீர்கள். உங்க பியானோவும் பின்னாலேயே ஒரு மினி லாரியில் வந்தது. அதை ஹாலில் வைத்த பிறகு ஹால் என்று ஒன்று எங்களுக்கு இல்லை. பியானோவும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நடக்கிற இடமும்தான்.

நீங்கள் நம்ம சபைக்கு வந்த முதல் ஞாயிறு சாயங்காலம் ஞாபகம் இருக்கிறதா? ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிற பிள்ளைகள் ஆறு பேர் பாடினார்கள். பாதிப் பேர் உங்க ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள், உங்களுக்கு ஒரே சந்தோஷம். அடுத்த ஞாயிறு போனால் அந்த ஆறு பேரில் ஒருத்தரும் இல்லை. புதுசாக நாலு பேர் நின்றார்கள்.

"மாப்ளே, போன வாரம் பாடுன பிள்ளைகள எங்க?"

"பி ஷிப்ட் போட்டுட்டாங்க அத்தை. மத்தியானம் போனா ராத்திரிதான் வருவாங்க."

"அப்ப அடுத்த வாரம் வருவாங்களா?"

"அடுத்த வாரம் சி ஷிப்ட். ராத்திரி முழுக்க லைன்ல நின்னுட்டு வந்து தூங்குவாங்க. அதுக்கடுத்த வாரம் வருவாங்க, ஓ.டி. இல்லாட்டி."

கல் கோயிலுக்கே திரும்பிப் போகப்போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கேட்டது, "அந்த ஷிப்ட் சீட்டு ஒண்ணு எனக்குக் கிடைக்குமா மாப்ளே?"

அதிலிருந்து எங்க வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் மூன்று கம்பெனிகளின் ஷிப்ட் சீட்டு தொங்கியது. எந்த வாரம் எந்தக் குரல் இருக்கும், எது இருக்காது என்று பார்த்துத்தான் நீங்கள் பாட்டே எழுதினீர்கள். டெனர் மொத்தமும் நைட் ஷிப்டா? டெனர் இல்லாமலே நிற்கிற மாதிரி ஒரு பாட்டு. ஆல்ட்டோவில் ஒரே ஒரு பெண்தானா? அவளுக்கு மூச்சு விட இடம் வைத்து ஒரு பாட்டு. "நாலு கால் மேசைல ஒரு காலு போனாலும் சாயப்படாது மாப்ளே, அப்படி எழுதணும்" என்பீர்கள். இசைக் கல்லூரியில் இதைச் சொல்லித் தருகிறார்களோ என்னவோ. எனக்குத் தெரிந்து ஒரகடத்து ஷிப்ட் சீட்டுக்குப் பாட்டு எழுதினவர் நீங்கள் ஒருத்தர்தான்.

அடிக்குரல் பாடும் பேஸில் இருந்த இரண்டு பையன்களும் ஒரே நேரம் சி ஷிப்டுக்குப் போன வாரம்தான் உங்க பார்வை என் மேல் விழுந்தது. கண்ணாடிக்கு மேலாக.

"மாப்ளே, சாப்பாட்டுக்கு முன்னால ஜெபம் பண்ணும்போது நல்ல அடித்தொண்டைல பேசுதீங்க."

"அது பசி அத்தை."

"அந்தப் பசியோடயே வந்து நில்லுங்க."

நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். உதிரிபாகக் கிடங்கில் பெட்டியைத் தூக்கி ரேக்கில் வைப்பது என் தொழில். பாட்டுக்கும் எனக்கும் குளிக்கிற அறையோடு சரி. எனக்காகச் சீட்டில் டோ, ரே, மி, ஃபா, ஸோ, லா, டி என்று, நம்ம ச ரி க ம மாதிரி, பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தீர்கள். டோ என்றால் வீடு, பாட்டு சுற்றிவிட்டு அங்கேதான் வந்து உட்காரும் என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னீர்கள். மற்றவர்களுக்குப் பாட்டு சொல்லித்தர ஒரு மணி நேரம் என்றால் எனக்கு ஒரு வாரம். ஆனால் ஒருநாள்கூட நீங்கள் முகம் சுளிக்கவில்லை.

அப்புறம்தான் "உறங்காத ஊரின்" பாட்டு வந்தது. "வீடு சேரும் மட்டும் எம்மை விட்டு விலகாதிரும்" என்று முடியும். அந்தக் கடைசி எழுத்தில் பேஸ் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்பதுதான் இந்தக் கடிதத்தின் முழு விவகாரமும். நீங்கள் வாசித்தீர்கள், நான் பாடினேன். மறுபடி வாசித்தீர்கள், பாடினேன். மூன்றாம் தடவை வாசித்துவிட்டு, கையைக் கட்டையிலேயே வைத்துக்கொண்டு சொன்னீர்கள், "சரி மாப்ளே. அப்படியே இருக்கட்டும்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! மூணே தடவையில் ஒரு பாட்டு! மெர்சியிடம் போய்ப் பீற்றிக்கொண்டேன். "பாத்தியா, உங்கம்மா என்கிட்ட ஒரு தப்புகூடக் கண்டுபிடிக்கல." அவள் "ம்" என்றாள். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த ஒத்திகைக்கு எல்லாருக்கும் மெர்சி கையால் எழுதின புதுச் சீட்டு கொடுத்தீர்கள். பாட்டில் ஒரு வரி கூடியிருந்தது: "வெளியில் நிற்கும் பிள்ளைக்கும் ஓர் விளக்கு ஏற்றி வைத்திரும்." அந்த வரி வந்த பிறகுதான் பாட்டுக்கே உயிர் வந்தது. ஷிப்ட் முடிந்து நேராக யூனிஃபார்மோடு வந்து பின்னால் நிற்கிற பிள்ளைகள் அந்த வரிக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். உங்களை அடக்கம் பண்ணின அன்றைக்கும் அந்த வரியைத்தான் பாடினோம். இரண்டு வருஷம் ஆகிவிட்டது அத்தை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அபி அந்தப் பாட்டைக் கம்ப்யூட்டரில் அடித்து விழாக் குழுவுக்கு அனுப்பியிருந்தாள். தேர்வாகிவிட்டது என்று செய்தி வந்த அன்று மெர்சி இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சமையலறையில் ஒரு சுற்று ஆடினாள். உங்க மகள் ஆடி நான் பார்த்ததில்லை, கல்யாணத்தில்கூட.

ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. இருநூறு பேரையும் நடத்தப்போகிற சாமுவேல் மாஸ்டர். நல்ல மனுஷர், மெட்ராஸில் பெரிய கொயர்களை நடத்தினவர். அபி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாப்பா, 'விலகாதிரும்'ல பேஸ் லா-ன்னு அடிச்சிருக்கே. அங்க டோ-தான வரணும்? கை தவறியிருக்கும் பாரு."

"இல்ல சார், டீச்சர் சொல்லிக்கொடுத்ததே அப்படித்தான்." உங்க பேத்தியாக இருந்தாலும் கொயர் விஷயத்தில் நீங்கள் அவளுக்கும் டீச்சர்தானே.

"டோ வந்தா பாட்டு அங்கேயே அழகா முடியுதும்மா. லா-ன்னு போட்டதால முடியாம தொங்குது, அதுக்கு ஒரு வரி ஒட்டவெச்ச மாதிரி இருக்கு. நான் டோ-ன்னு திருத்திடுறேன். கடைசி வரி வேணாம், எடுத்துடலாம்."

மெர்சி போனைப் பிடுங்கினாள். "எந்த வரிய எடுக்கப்போறீய? அந்த வரிதான் சார் பாட்டே!" கோபம் வந்தால் அவளுக்கு உங்க ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

மாஸ்டர் பொறுமையாகத்தான் பேசினார். "அம்மா கைப்பட எழுதினது இருந்தா கொண்டாங்க. அவங்க வேணும்னுதான் அப்படி எழுதினாங்கன்னு தெரிஞ்சா நான் தொடமாட்டேன். சனிக்கிழமை ஒத்திகை. அதுக்குள்ள இல்லன்னா திருத்தி அச்சுக்குக் குடுத்துடுவேன்."

உங்க எழுத்து எங்கே இருக்கிறது? எங்களிடம் இருந்ததெல்லாம் மெர்சி எழுதின சீட்டின் ஜெராக்ஸ்தான். பெட்டி, அலமாரி, பரண், அரிசி டின் உட்பட எல்லாம் கவிழ்த்தோம். கடைசியில் பியானோ ஸ்டூலின் மெத்தையைத் தூக்கினால் அடியில் ஒரு ஷிப்ட் சீட்டு. திருப்பினால் பின்பக்கம் உங்க எழுத்து, நாலு குரலும். நான் கத்தின கத்தலில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

அபி வாங்கிப் பார்த்தாள். பேஸ் வரியில், "விலகாதிரும்" முடிகிற இடத்தில், டோ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரே கோடாக அடித்து மேலே லா. டெனரிலும் ஒரு அடித்தல், லாவுக்குத் தோதாக. ஓரத்தில் பென்சிலில் பொடி எழுத்து. அபி வாய்விட்டுப் படித்தாள்.

"மாப்பிள்ளை இறங்கமாட்டேன் என்கிறார். நாம் ஏறுவோம்."

அதற்குக் கீழே, வேறு மையில், அந்தப் புது வரி.

அத்தை, எங்க வீட்டில் அதற்குப் பிறகு ஐந்து நிமிஷம் என்ன நடந்தது என்று எழுத முடியாது. அபி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா! இத்தினி வருஷமா நீ தப்பாப் பாடிக்கினு இருந்திருக்கே!"

"இன்னாத்த தப்பு? டீச்சரே லா-ன்னு எழுதிட்டாங்க, அப்ப அது சரி."

"நீ சரியாப் பாடல. உனக்காக அவங்க பாட்டையே மாத்திட்டாங்க!"

மெர்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு அரிசி டின்னை மூடிக்கொண்டிருந்தாள். "உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"அன்னைக்கே தெரியும். அம்மாதான் சொல்லாதட்டின்னாங்க. சொன்னா மனுஷன் நாளைலேர்ந்து வரமாட்டாரு, பேஸுக்கு ஆள் இல்லன்னாங்க."

டோ கீழே இருக்கிறது, லா மேலே. எல்லாரும் இறங்குகிற இடத்தில் நான் ஏறியிருக்கிறேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓட்டித் தூக்கியே பழக்கம், என்ன செய்ய?

சிரிப்பெல்லாம் அடங்கின பிறகுதான் விஷயம் உறைத்தது. உங்க பாட்டைக் காப்பாற்ற இருக்கிற ஒரே சாட்சி இந்தச் சீட்டு. அதே சீட்டுதான் நான் ஒரு உதவாக்கரை பேஸ் என்பதற்கும் சாட்சி. பக்கத்துச் சபை பேஸ்காரர்களிடம் டீக்கடையில் "நாங்கல்லாம் டீச்சர் கைல தயாரானவங்க" என்று நான் அளந்ததற்கு அளவில்லை. நீங்கள் இதை எழுதிவைத்ததே நான் பார்க்கமாட்டேன் என்ற தைரியத்தில்தானே?

ஒரு அல்பத்தனம் பண்ணினேன். சொல்லிவிடுகிறேன். ஜெராக்ஸ் கடையில் அந்தப் பென்சில் எழுத்தின் மேல் ஒரு துண்டுப் பேப்பரை வைத்துக் காப்பி எடுத்தேன். கடைக்காரர், "அண்ணே, ஓரத்துல எழுத்து மறையுது" என்றார். "அது வூட்டு விஷயம்பா, நீ எடு" என்றேன்.

சனிக்கிழமை காலை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பெரிய கோயில், எல்லாச் சபைக் கொயரும் வந்தாயிற்று. மாஸ்டர் மைக் முன்னால் நின்று என் காப்பியைப் பார்த்தார்.

"எழுத்து அம்மாவோடதுதான், ஒத்துக்கிறேன். ஆனா முதல்ல டோ-ன்னுதான் எழுதியிருக்காங்க. அடிச்சது யாரு? பின்னால வேற யாராவது மாத்தியிருக்கலாம்ல? எதுக்கு மாத்தினாங்கன்னு தெரியாம நான் எப்படி விட முடியும்?"

மெர்சி என்னைப் பார்த்தாள். உங்க பார்வையை அப்படியே அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். சட்டைப் பையிலிருந்து அசல் சீட்டை எடுத்து நீட்டினேன்.

மாஸ்டர் ஓரத்தைப் படித்தார். வாய்விட்டுப் படித்தார். மைக் போட்டிருந்தது.

"மாப்பிள்ளை இறங்கமாட்டேன் என்கிறார். நாம் ஏறுவோம்." கோயில் முழுக்க எதிரொலித்தது. "யாருங்க இந்த மாப்பிள்ளை?"

கையைத் தூக்கினேன். இருநூறு பேர் சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ், நாலு குரலிலும் சிரித்தார்கள்.

மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. பியானோவில் போய் உட்கார்ந்தார். முதலில் டோ வைத்து வாசித்தார். அழகாக இருந்தது, கதவைச் சாத்தின மாதிரி முடிந்தது. பிறகு லா வைத்து வாசித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அடங்கிவிட்டார்கள். முடிந்தது என்று நினைத்த இடத்தில் முடியவில்லை, யாரோ இன்னும் வர வேண்டியிருக்கிறது என்பது போல இருந்தது. அங்கிருந்து அவர் கை உங்க கடைசி வரிக்குப் போனது.

வாசித்துவிட்டுத் திரும்பினார். "தப்புன்னு நினைச்சிருந்தா அந்தம்மா பேஸுக்கு வேற ஆளப் போட்டிருப்பாங்க. ஆள வெச்சுக்கிட்டுப் பாட்ட மாத்தியிருக்காங்க. லா-வே இருக்கட்டும். வரியும் இருக்கட்டும்."

மெர்சி அழுதாள். அபி விசில் அடித்தாள், கோயில் என்றும் பார்க்காமல். நான் பக்கத்திலிருந்த ஆளைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் சுபமாக முடிந்திருக்கும். மாஸ்டர் விடவில்லை. பேஸில் நாற்பது பேர், எல்லாரும் பழகினவர்கள், அந்த இடம் வந்தால் கால் தன்னால் வீட்டுக்குப் போகிற மாதிரி டோவுக்குத்தான் இறங்குகிறார்கள். "மாப்பிள்ளை சார், முன்னால வாங்க. எப்படி ஏறணும்னு பாடிக் காட்டுங்க" என்றார்.

போனேன். நெஞ்சை நிமிர்த்தினேன். பாடினேன். "விலகாதிரும்..."

டோ.

அத்தை, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவ்வளவு சுத்தமாக, கிணற்று வாளி மாதிரி நேராகக் கீழே இறங்கினேன். மறுபடி பாடச் சொன்னார். டோ. மூன்றாம் தடவையும் டோ. தப்பு என்று தெரியாதவரைக்கும் தப்பில்லாமல் தப்புப் பண்ணினவன், தெரிந்த பிறகு சரியாகப் பாடித் தொலைக்கிறேன்! மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா இருந்தா இப்ப மறுபடி மாத்தியிருப்பாங்க" என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு.

நாலு நாளாக இதே வேலைதான். கிடங்கில் பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் லா, லா என்று முனகுகிறேன். சூப்பர்வைசர், "இன்னா தேவராஜ், வண்டில சத்தம் வருது, சர்வீஸுக்கு விடட்டுமா?" என்றார். அபி சாயங்காலம் பியானோவில் உட்கார்ந்து பத்துத் தடவை வாசிக்கிறாள். நேற்று பத்துக்கு நாலு. இன்றைக்கு ஏழு.

"யோசிக்காதப்பா, யோசிக்காம பாடு."

யோசிக்காமல் இருப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. ஆனால் யோசிக்காமல் இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டு பாடினால் வரமாட்டேன் என்கிறது.

ஒன்று கேட்கணும். "வெளியில் நிற்கும் பிள்ளை" என்று எழுதினீர்களே, அது யார்? ஷிப்டில் மாட்டிக்கொண்டு ஒத்திகைக்கு வர முடியாத பிள்ளைகள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அந்தச் சீட்டைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு ஒரு நினைப்பு. மற்ற மூன்று குரலும் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது, ஒருத்தன் மட்டும் வழி தெரியாமல் வெளியே லாவில் நின்றானே, அவனைப் பார்த்தா எழுதினீர்கள்? மெர்சியிடம் கேட்டேன். "ம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் வரும்போது என்னைச் சுற்றி நாற்பது பேர் லாவில் நிற்பார்கள். நான் டோவுக்கு இறங்கினால் நான் ஒருத்தன்தான் தப்பு. அன்றைக்குப் போல ராத்திரியோடு ராத்திரியாகச் சீட்டைத் திருத்தி, எனக்காக ஒரு வரி கூட்டி, "அப்படியே இருக்கட்டும் மாப்ளே" என்று சொல்ல நீங்கள் இல்லை. இந்த ஒரு தடவை நான்தான் பாட்டுக்குத் தக்கபடி மாற வேண்டும்.

மாறுவேன் அத்தை. இன்னும் நாலு நாள் இருக்கிறது, பத்துக்குப் பத்து வரும்வரை அபியை எழுந்திருக்க விடமாட்டேன். ஞாயிறன்று உங்க லாவில் நிற்பேன், உங்க கடைசி வரி தொடங்கும்வரை அசையமாட்டேன். இது சத்தியம்.

நீங்கள் திருத்தாமல் வைத்துக்கொண்ட உங்கள் மருமகன்,
தேவராஜ்